ஆணி அடித்த பெயர்

அந்த சிமென்ட் ஆலையில் ஜோசியர் என்றால் நெற்றியில் பட்டையும் கையில் பஞ்சாங்கமுமாக ஒருத்தர் வருவார் என்று நினைத்துவிடக் கூடாது. ஜோசியர் ஒரு கம்ப்யூட்டர். பராமரிப்புத் திட்டப் பிரிவில் பூங்கோதையின் மேசைமேல் இருந்த இரண்டு திரைகளுக்குள் அது குடியிருந்தது. செய்து விற்ற கம்பெனி அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தது. ஃபிட்டர்கள் முதல் வாரமே அந்தப் பெயரைத் தூக்கிக் கடாசிவிட்டு ஜோசியர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் ஜெனரல் மேனேஜரே மீட்டிங்கில், "சரி, ஜோசியர் என்ன சொல்றார்?" என்று கேட்கும்படி ஆகிவிட்டது.

சொல்லவும் சொன்னது, அநியாயத்துக்குச் சரியாக. சூளையைத் தாங்கும் ரோலரில் எந்த பேரிங் எந்த வாரம் போகும், எந்த பம்பு எப்போது ஒழுக ஆரம்பிக்கும், எல்லாம் அதற்கு முன்கூட்டியே தெரியும். அதற்கு முன்பெல்லாம் மெஷின் உடைந்து நின்ற பிறகுதான் பூங்கோதை தலைதெறிக்க ஓடுவாள். மாற்றுவதற்குச் சாமான் இருக்காது. சாமான் இருந்தால் ஆள் இருக்கமாட்டான். ஜோசியர் வந்தபிறகு, உடையப்போவதை நல்லபடியாக இருக்கும்போதே கழற்றி மாற்றிவிட்டு ஆற அமர டீ குடிக்க முடிந்தது. அதற்காக அவள் அதை மனசார வாழ்த்தியிருக்கிறாள், பாவி மகள்.

பிறகு, மெஷினை மட்டும் பார்த்தால் போதாது, அதை ரிப்பேர் பார்க்கிற ஆளையும் கணக்கில் சேர்த்தால்தான் திட்டம் முழுசாகும் என்றார்கள். ஆளுக்கொரு கைப்பட்டை மாட்டிவிட்டார்கள். நாடித்துடிப்பு, உடம்புச் சூடு, தூக்கம், நடை என்று பட்டை சகலத்தையும் பார்க்கும். யூனியன் சும்மா இருக்குமா? "எங்க ஆளு உடம்புல என்ன கோளாறுன்னு எவனுக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா மறுநாளே கேட்டுக்கு வெளிய நிறுத்திடுவீங்க" என்று வாசலில் உட்கார்ந்து மல்லுக்கட்டி ஜெயித்தது. நியாயமான சண்டைதான், யாரும் குறை சொல்ல முடியாது. அதனால் ஜோசியர் யாருடைய உடம்பைப் பற்றியும் வாய் திறக்காது. ஆளுக்கொரு வரிசை, நாளுக்கொரு கட்டம், கட்டத்துக்குள் அன்றைய வேலை. இவ்வளவுதான் திரையில் தெரியும்.

வருஷாந்திர ஷட்டவுன் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். சூளையை அணைத்து, ஆலையையே நிறுத்தி, வருஷம் பூராவும் தள்ளிப்போட்ட வேலைகளை ஒரே மூச்சில் முடிக்கிற நாட்கள் அவை. யாருக்கு எந்த வேலை என்று பூங்கோதை சரிபார்த்துக்கொண்டே வந்தாள். எல்லா வரிசையும் அடுத்த வருஷம்வரை நிரம்பிக் கிடந்தது. கலியமூர்த்தி என்ற ஃபிட்டரின் வரிசை மட்டும் ஷட்டவுனுக்கு நடுவில், மாசக் கடைசியோடு நின்றுபோயிருந்தது. அதற்கப்புறம் வெறும் வெள்ளைக் கட்டங்கள்.

கலியமூர்த்தி அவளுடைய புருஷன்.

காலி வரிசைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்திருந்தாள். யாரை வேலையைவிட்டு அனுப்பப்போகிறார்களோ அவர்கள் பெயரை எச்.ஆர்.காரர்கள் முதலில் ஜோசியருக்குள் போடுவார்கள். நோட்டீஸ் கைக்கு வருவதற்கு முன்னால் கட்டம் காலியாகிவிடும். கிரேன் ஓட்டும் வில்வநாதனுக்கு அப்படித்தான் ஆனது. வெல்டர் மரியசூசைக்கும் அப்படித்தான்.

அந்த இரண்டு பேரையும் காப்பாற்றியது பூங்கோதைதான். அவளை மாதிரி பிளானர்களிடம் ஒரு வித்தை உண்டு. ஷட்டவுனின் பெரிய வேலை எதிலாவது ஒரு ஆளின் பெயரை நகராதபடி பூட்டிவிடலாம். இந்த ஆள் இல்லாமல் இந்த வேலை ஆகாது என்று பிளானரே சொன்னதாக அர்த்தம். அப்புறம் அடுத்த ஷட்டவுன்வரை அந்த ஆளை யாரும் அசைக்க முடியாது. ஆலையில் இதற்கு ஆணி அடிப்பது என்று பெயர். வில்வநாதனுக்கு ஒரு தடவை அடித்தாள், மரியசூசைக்கு ஒரு தடவை அடித்தாள். இரண்டு பேரும் இன்றைக்கும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஷிஃப்டுக்கு வருகிறார்கள்.

வரிசையின் ஓரத்தில் 'ஏன்?' என்று ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. அதைத் தொட்டால் ஜோசியர் காரணத்தைக் கவனிக்கும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஆனால் யார் தொட்டது என்று உடனே மேலே போய்விடும் என்பது ஆலையில் எல்லாருடைய நம்பிக்கை. புருஷன் பெயரில் போய்த் தொட்டால், பார் இந்தம்மாவை, வீட்டுக்காரனுக்காக நோண்டுகிறது என்று கிளம்பிவிடுவார்கள். ஏற்கெனவே பெண்டாட்டி ஆபீஸில், புருஷன் பட்டறையில் என்று நாலு பேர் நாக்குமேல் பல்லைப் போட்டுப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அதற்குப் பயந்தே அவள் கலியமூர்த்திக்கு லேசான வேலை கொடுப்பதில்லை. சொல்லப்போனால் அடுத்தவனைவிட ஒரு பிடி கூடவே ஏற்றிவிடுவாள். பொத்தான் பக்கம் கையைக் கொண்டுபோனவள் எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கலியமூர்த்தி கூடத்தில் மிக்ஸியைக் கழற்றிப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன பிளானிங் மேடம், மொகம் தொங்கிக் கிடக்கு? நாளைக்கு எனக்கு என்ன வேல?"

"நோட்டீஸ் போர்டுல இருக்கும், போய்ப் பாத்துக்குங்க. வீட்ல எதுக்கு அந்தப் பேச்சு?"

"பெரிய எடத்துச் சம்பந்தம் வச்சுக்கிட்டா இப்படித்தான். பொண்டாட்டிகிட்டயே மனு போட வேண்டியிருக்கு." அவன் சிரித்தான்.

அவள் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். "ஏங்க, உங்களுக்கும் மேனேஜருக்கும் ஏதாச்சும் வாய்த்தகராறா?"

"நான் எவன் வம்புக்குப் போனேன்? ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

"சும்மா கேக்குற ஆளா நீ?" அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். என்னவோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. "ஒண்ணுமில்ல கோதை. கொஞ்சம் வாய்வு. ஓமத்தண்ணி இருந்தா குடு" என்று திரும்பவும் மிக்ஸிக்குள் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் ஓமத்தைக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். இவருக்கு வேலை போகப்போகிறது என்று எந்த வாயால் சொல்வது? பட்டறையை விட்டால் இந்த மனுஷனுக்கு ஒன்றும் தெரியாது. வேலை போன மறுநாளே ஆள் பாதியாகிவிடுவார். சொல்ல வேண்டாம், காதும் காதும் வைத்த மாதிரி காரியத்தை முடித்துவிடலாம் என்று அவள் அடுப்படியில் நின்றபடியே முடிவுசெய்தாள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் அன்றைக்கு வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு படுத்துவிட்டார்கள்.

மறுநாள் வந்ததும் முதல் வேலையாக ஆணி அடித்தாள். சின்ன வேலையில் அடித்தால் பிடுங்கிவிடுவார்கள், அதனால் இருப்பதிலேயே பெரிதாகப் பார்த்தாள். கூலர். சூளையில் வெந்த கல் வந்து விழுந்து ஆறுகிற இடம் அது. சூளையை அணைத்த பிறகும் பல நாளைக்கு உள்ளே அனல் அடங்காது. அதற்குள் குனிந்தபடியே நுழைந்து, இறுகிப்போன இரும்புத் தட்டுகளைச் சம்மட்டியால் அடித்துப் பெயர்த்துப் புதுசு மாட்ட வேண்டும். அந்த வேலையில் கலியமூர்த்தியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால் யாருக்கும் சந்தேகமும் வராது.

ஃபோர்மேன் மருதை கலியமூர்த்திக்குத் தம்பி மாதிரி. பட்டியலைப் பார்த்ததும் அவன் நேராக அவள் மேசைக்கு வந்தான்.

"என்ன அண்ணி, வீட்ல சண்டையா? அண்ணனப் போயி அடுப்புக்குள்ள தள்ளியிருக்கீங்க?"

"ஏன், உங்க அண்ணனால முடியாதா?"

"அண்ணனால முடியாதா? நல்லா கேட்டீங்க போங்க. அண்ணன் முன்னால நின்னா நாங்க பாட்டுக்குப் பின்னால போவோம்." மருதை சிரித்துக்கொண்டே போனான்.

கலியமூர்த்திக்கும் சந்தோஷம்தான். கூலருக்குத் தலைமை என்றால் பட்டறையில் ஒரு கெத்து. "பரவாயில்லையே, பொண்டாட்டி நம்மள ஆம்பளன்னு நம்புறா" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னானாம். பூங்கோதை வரிசையை எடுத்துப் பார்த்தாள். ஆணி அடித்தும் வெள்ளைக் கட்டங்கள் நிரம்பவில்லை. எச்.ஆரில் மாற்றிப் போடக் கொஞ்சம் நாளாகும், வில்வநாதனுக்கும் அப்படித்தான் இழுத்தது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மாசக் கடைசி நாள், சாப்பாட்டு சைரன் ஊதப்போகிற நேரம். கலியமூர்த்தி கூலருக்குள்ளிருந்து வெளியே வந்தான். தண்ணீர் கேட்டான். அடுக்கிவைத்திருந்த தட்டுகளில் சாய்ந்து உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சந்தான்டா மருதை, சாப்புட்டு வந்து முடிச்சிரலாம்" என்றான். மருதை தண்ணீரோடு திரும்பி வந்தபோது தலை தொங்கியிருந்தது. ஆம்புலன்ஸ் அரியலூர் எல்லையைத் தொடும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. பூங்கோதை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, மருதை சுவரில் முட்டி முட்டி அழுதுகொண்டிருந்தான். ஐயோ, அவள் அன்றைக்கு அழக்கூட இல்லை. கண் எதிரே அந்த வெள்ளைக் கட்டங்கள்தான் நின்றன.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவள் ஆலைக்குப் போனாள். ஜோசியரைச் செய்த கம்பெனியிலிருந்து ரிஸ்வான் என்று ஒரு என்ஜினீயர் சென்னையிலிருந்து வந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான்.

"மேடம், நீங்க இப்ப லீவுல இருக்கணும்."

"வீட்ல எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர்தான் தம்பி. நீங்க உக்காருங்க. எனக்கு ஒண்ணு தெரியணும். அவர் வரிசை ஏன் காலியா நின்னுச்சு? எச்.ஆர்ல கேட்டேன். அவர் பேர் எந்த லிஸ்ட்லயும் கிடையாதுங்கிறாங்க."

ரிஸ்வான் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்.

"அவருக்கு நெஞ்சுல கோளாறு இருந்திருக்கு மேடம். பட்டைக்கு ரெண்டு மாசமாத் தெரியும்."

"தெரிஞ்சுமா வாய மூடிக்கிட்டு இருந்துச்சு?"

"தானா சொல்லாது. யூனியன் பேசினப்ப அப்படி முடிவாச்சு. யாராவது அந்த 'ஏன்' பொத்தானைத் தொட்டாத்தான் வேலை செய்யும். தொட்டவங்களுக்கு ஒண்ணும் காட்டாது. சம்பந்தப்பட்டவர் கைப்பட்டைக்கு மட்டும், உடனே டாக்டரைப் பாருங்கன்னு போகும்."

"தொட்டது யாருன்னு மேல தெரிஞ்சிடுமே?"

"எங்கயும் தெரியாது மேடம். அதைப் பதிவே பண்றதில்ல. யார் உங்களுக்கு அப்படிச் சொன்னது?"

யார் சொன்னது? எல்லாரும்தான் சொன்னார்கள். கேன்டீனில் சொன்னார்கள், பஸ்ஸில் சொன்னார்கள், அவளே புதிதாக வந்த பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறாள்.

"சரி, நெஞ்சுல கோளாறு. ஆனா மாசக் கடைசின்னு அவ்வளவு கரெக்டா எப்படித் தெரிஞ்சுது?"

"நெஞ்சை மட்டும் வச்சு நாள் சொல்ல முடியாது. என்ன வேலை செய்யப்போறார்ங்கிறதையும் சேர்த்துத்தான் கணக்கு."

"அப்ப அவருக்குக் கூலர் வேலையே இல்லியே தம்பி. காலியா இருக்கிறதப் பாத்து பயந்துபோயில்ல நான் ஆணி அடிச்சேன்?"

ரிஸ்வான் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. "பேரிங்கைப் படிக்கிற மாதிரிதான் அது பிளானரையும் படிக்குது மேடம். நீங்க என்ன மாத்துவீங்க, எப்ப மாத்துவீங்கன்னு தெரியாம திட்டம் போட முடியாது. இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை வரிசை காலியானப்ப, நீங்க ஷட்டவுன்லயே பெரிய வேலையாப் பாத்து ஆணி அடிச்சிருக்கீங்க. இந்தத் தடவையும் அடிப்பீங்கன்னு எடுத்துக்கிச்சு."

"நான் அடிப்பேன்னு அது காலியாக் காட்டுச்சு. அது காலியாக் காட்டினதால நான் அடிச்சேன்."

ரிஸ்வான் திரையை அணைக்கப் போனான்.

"அடிக்காம இருந்திருந்தா?"

"வேணாம் மேடம்."

"போட்டுக் காட்டுங்க தம்பி. காட்டாம நீங்க ஊருக்குப் போக முடியாது."

அவன் ஆணியைப் பிடுங்கிக் கணக்குப் போட்டான். கலியமூர்த்தியின் வரிசை நிரம்ப ஆரம்பித்தது. முதலில் பம்பு வேலைகள் வந்தன. நடுவில் கொஞ்ச நாள் இடைவெளி. "லேசா வலி வந்து அவரே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். ஆபரேஷன், ஓய்வு" என்றான் ரிஸ்வான். அதற்கப்புறம் பட்டறையில் உட்கார்ந்து செய்கிற வேலைகள். கன்வேயர் ரோலர், கியர்பாக்ஸுக்கு ஆயில், அடுத்த ஷட்டவுன், அதற்கடுத்த ஷட்டவுன். கட்டங்கள் வந்துகொண்டே இருந்தன. ரிஸ்வான் நகர்த்திக்கொண்டே போனான். அந்த இடைவெளிக்கப்புறம் அவர் ஓய்வு பெற வேண்டிய நாள்வரை ஒரு கட்டம்கூட காலி இல்லை. அவளுடைய தாலி அத்தனை வருஷம் அந்தக் கட்டங்களுக்குள் இருந்திருக்கிறது.

"நான் அந்தப் பொத்தானத் தொட்டிருந்தா?"

"அதுவும் நிரம்புது மேடம்."

"அவரே யார்கிட்டயாவது வாய்விட்டு சொல்லியிருந்தா? கேட்டவங்க வந்து என்கிட்ட சொல்லியிருந்தா?"

"எந்த வழியில போனாலும் நிரம்புது. அந்த ஒரே ஒரு வழியிலதான் காலியா நின்னுது." சின்னப் பையன், பாவம், கணக்குப் போடத்தான் படித்துவிட்டு வந்திருந்தான்.

பூங்கோதை பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள். வழியில் யாரோ பேச்சுக்கொடுத்தார்கள், என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. கதவு திறந்துதான் கிடந்தது. மகள் இலக்கியா அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அப்பா போனதிலிருந்து காலேஜுக்குப் போகவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. மூக்கும் முழியும் அப்படியே அவனை உரித்துவைத்த பெண்.

"என்னம்மா சொன்னாங்க?"

"என்ன சொல்வாங்க? ஒண்ணுமில்ல. சாப்டியா?"

"அம்மா, நான் ஒண்ணு சொன்னா என்னை அடிப்பியா?"

பூங்கோதை பையைக் கீழே வைத்தாள்.

"அப்பாவுக்கு நெஞ்சு வலிச்சுதும்மா. மொதல்லயே. ஒரு நாள் மாடிப்படியில பாதியில நின்னுட்டாரு, வேர்த்துக் கொட்டிச்சு. நான் பாத்துட்டேன். உன்கிட்ட சொல்றேன்னேன். சொல்லவே கூடாதுன்னுட்டாரு." அவள் வார்த்தையை விழுங்கி விழுங்கிப் பேசினாள். "அம்மாவுக்குத் தெரிஞ்சா நம்மள லைட் வேலைக்குப் போட்டுடுவா, பொண்டாட்டி தயவுல பொழைக்கிறான்னு பட்டறையில சிரிப்பானுங்க, அவளையும் சேத்துப் பேசுவானுங்க, ஷட்டவுன் முடியட்டும், நானே டாக்டர்கிட்ட போறேன்னாரு. நான் சரின்னுட்டேன். நான் சொல்லியிருந்தா அப்பா இருந்திருப்பாராம்மா?"

பூங்கோதை மகளைப் பார்த்தாள். பட்டறையில் நாலு பேர் பேசக் கூடாது என்று அவன் வலியை மறைத்திருக்கிறான். அதே நாலு பேருக்குப் பயந்து அவள் பொத்தானைத் தொடாமல் விட்டாள். இந்த இரண்டு பேருடைய வீம்புக்கும் நடுவில் இந்தக் குழந்தை அகப்பட்டுக்கொண்டது. பதில் அவளுக்குத் தெரியும். கணக்குப் போட்டுக் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

அவள் மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"பைத்தியக்காரி. அதத்தான் கேக்கப் போயிருந்தேன். ஜோசியர்ல எல்லா மாதிரியும் போட்டுப் பாத்தாங்க. கூலருக்குப் போகாட்டியும் சரி, ஆஸ்பத்திரிக்கே போயிருந்தாலும் சரி, அப்பாவுக்கு அந்த வாரந்தான்னு வந்துச்சுடி. நீ சொல்லியிருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காது."

"பொய் சொல்ற."

"நான் எதுக்குப் பொய் சொல்லப்போறேன்?"

"அப்ப என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு."

இலக்கியா அம்மாவின் கையை இழுத்துத் தன் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பெற்ற பிள்ளை தலையில் அடித்துப் பொய்ச் சத்தியம் செய்கிற தாய் உண்டா என்று கேட்டால், அன்றைக்கு மத்தியானம்வரை பூங்கோதையும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். அவள் கையைப் பிள்ளையின் உச்சந்தலையில் அழுத்திவைத்து, "சத்தியமா" என்றாள்.

இலக்கியா அவள் மடியில் கவிழ்ந்து அழுதாள். அழுது அழுது ஓய்ந்ததும், "பசிக்குதும்மா" என்றாள்.